ஆறு பேர் குடும்பத்துக்குத் தான்சானியா சஃபாரி: எந்தக் கம்பெனியை நம்பிப் பணம் கட்டுவது?

உங்கள் கேள்வி இது: கணவன், மனைவி, 6 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 66ம் 70ம் ஆன அப்பா அம்மா. ஏப்ரல், மே விடுமுறையில் செரெங்கெட்டியும் கோரோங்கோரோவும் பார்க்க வேண்டும். சென்னையில் ஒன்று, தான்சானியாவின் அருஷாவில் ஒன்று, கென்யாவின் நைரோபியில் ஒன்று என மூன்று கம்பெனிகளிடம் விலை வாங்கியிருக்கிறீர்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். "இதில் எது நல்ல கம்பெனி?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால், அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, மலிவானதை எடுத்தால் பிள்ளைகளும் பெரியவர்களும் எதில் கஷ்டப்படுவார்கள் என்பதுதான் உங்கள் கவலை என்று புரிகிறது. கிழக்கு ஆப்பிரிக்கப் பயணங்களுக்கு வழித்தடமும் விலையும் போடும் வேலையில் பல வருடமாக இருப்பதால் அந்தக் கோணத்திலிருந்தே சொல்கிறேன். கம்பெனிப் பெயர் எதையும் சிபாரிசு செய்யப் போவதில்லை. ஓட்டுநர்களும் வண்டிகளும் வருடத்துக்கு வருடம் மாறும் தொழில் இது. போன வருடத்துப் பெயரை நம்பி இந்த வருடம் பணம் கட்டுவது சரியாக இருக்காது.

முதலில் விலை. எந்தக் கம்பெனியாலும் பேரம் பேசிக் குறைக்க முடியாத ஒரு பகுதி அதில் இருக்கிறது: அரசுக்குக் கட்டும் நுழைவுக் கட்டணம். செரெங்கெட்டியில் வெளிநாட்டுப் பெரியவருக்கு 24 மணி நேரத்துக்கு 70 டாலர், அதன் மேல் 18 சதவீத வரி, ஆக 82.60 டாலர். மார்ச் 15 முதல் மே 15 வரை மட்டும் அந்த 70 டாலர், வரிக்கு முன், 60 டாலராகக் குறையும். 5 முதல் 15 வயது வரை வரியோடு 23.60. ஐந்து வயதுக்குக் கீழே இலவசம். கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குப் பெரியவருக்கு வரியோடு 70.80, பிள்ளைக்கு 23.60. கோரோங்கோரோவில் உள்ள எரிமலைப் பள்ளத்துக்குள் வண்டி இறங்க ஒவ்வொரு முறையும் வண்டிக்கு 295 டாலர் தனி. இனி உங்கள் குடும்பக் கணக்கைப் போடுங்கள். நான்கு பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்றால், குறையாத கட்டணத்தில் (மே 15க்குப் பிறகு), செரெங்கெட்டி ஒரு நாளுக்கு 377.60, கோரோங்கோரோ ஒரு நாளுக்கு 330.40. சாலை வழியாக செரெங்கெட்டி போக கோரோங்கோரோவைக் கடந்துதான் ஆக வேண்டும். கடந்து மட்டும் போனாலும் கட்டணம் உண்டு. போகும்போது ஒரு தடவை, இரண்டு இரவு கழித்துத் திரும்பி வந்து பள்ளத்தில் இறங்கும்போது மறுபடி ஒரு தடவை. அதாவது 660.80, செரெங்கெட்டி இரண்டு நாளுக்கு 755.20, பள்ளத்துக்கு 295, மொத்தம் 1,711 டாலர். காட்டுக்குள் இரவு தங்குவதற்கான தனிக் கட்டணம், வண்டிக்கான நுழைவு, தரங்கிரே போன்ற மற்றப் பூங்காக்கள் எதுவும் இதில் சேரவில்லை. கட்டணங்கள் மாறக்கூடியவை. தான்சானியாவின் நிதியாண்டு ஜூலை 1ல் தொடங்குகிறது, மாற்றங்களும் பெரும்பாலும் அப்போதுதான் வரும். அதனால் முன்பணம் கட்டும் முன் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மலிவான கொட்டேஷனை மறுபடி படியுங்கள். மொத்தத் தொகையிலிருந்து அரசுக் கட்டணத்தைக் கழித்தால் மீதியில்தான் வண்டி, டீசல், ஓட்டுநர் சம்பளம், ஆறு பேருக்கு அறை, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது என்று தெரிந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். வழக்கமாக விடுபடுவது மூன்று. பள்ளத்தில் இறங்கும் கட்டணம் "விருப்பத் தேர்வு" என்று சின்ன எழுத்தில் இருக்கும். தங்கும் இடம் செரெங்கெட்டிக்குள் இல்லாமல் வெளியே இருக்கும். அல்லது வண்டி உங்களுக்கு மட்டும் என்றில்லாமல் வேறு ஆட்களோடு பகிர்வதாக இருக்கும். மூன்று கம்பெனிகளுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள்: ஒவ்வொரு நாளும் எந்த வாயிலில் எத்தனை மணிக்கு நுழைகிறோம், எந்தக் கட்டணம் எத்தனை பேருக்குச் சேர்ந்திருக்கிறது, ஒவ்வொரு இரவும் எந்த லாட்ஜ், எந்த வகை அறை, வண்டி முழுக்க எங்களுக்கா. வரி வரியாகப் பதில் தருபவரையும் "எல்லாம் அடங்கும் சார், கவலைப்படாதீர்கள்" என்பவரையும் அப்போதே பிரித்துவிடலாம்.

அடுத்து, பயணத்தை நடத்தப்போவது யார் என்று பாருங்கள். சென்னைக் கம்பெனி பெரும்பாலும் தானே வண்டி ஓட்டாது. அருஷாவில் இருக்கும் ஒருவரிடம் ஒப்படைக்கும். அதில் தவறில்லை. தமிழில் பேசலாம், ரூபாயில் கட்டலாம், பிரச்சினை வந்தால் நேரில் போய்க் கேட்கலாம், அதற்கு ஒரு விலை உண்டு. ஆனால் அந்த அருஷா கம்பெனியின் பெயரைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். சொல்ல மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். தான்சானியாவில் சஃபாரி நடத்த சுற்றுலா அமைச்சகத்தின் வருடாந்தர உரிமம் கட்டாயம். தொழிலில் இருப்பவர்கள் அதை 'டாலா' லைசன்ஸ் என்பார்கள். நடப்பு வருட உரிமத்தின் நகலைக் கேளுங்கள். அதில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். 'டாட்டோ' என்னும் சுற்றுலா நடத்துநர் சங்கத்தில் உறுப்பினரா என்பது கூடுதல் நம்பிக்கை, கட்டாயமில்லை. சின்னதாக, நேர்மையாக நடக்கும் கம்பெனிகள் சில அதில் இல்லாமலும் இருக்கும். கென்யாவில் இதற்கு இணையானது சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம். சங்கத்தின் பெயர் 'கேட்டோ'.

நைரோபி கம்பெனியின் திட்டத்தில் கென்யாவின் மசாய் மாராவும் செரெங்கெட்டியும் ஒரே பயணத்தில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வரைபடத்தில் இரண்டும் ஒட்டியிருக்கும், விலங்குகள் எல்லையைத் தாண்டி வரும், போகும். சுற்றுலாப் பயணிக்கு அந்த வழி கிடையாது. இரண்டுக்கும் நடுவே இருந்த நேர் வழி 1977ல் மூடியது, மூடியதுதான். மேற்கே இசெபானியா எல்லைச் சாவடி வரை சுற்றிக் குடியேற்ற வரிசையில் நின்று, வண்டியையும் ஓட்டுநரையும் மாற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு பகல் முழுக்க அதற்கே போகும். கென்யாவில் நடத்துபவர் ஒருவர், தான்சானியாவில் நடத்துபவர் வேறொருவர். இரண்டாமவர் யார் என்று கேளுங்கள். மாராவின் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள்: 2024 முதல் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை பெரியவருக்கு நாளுக்கு 200 டாலர், ஜனவரியிலிருந்து ஜூன் வரை 100. முதல்முறை போகும் குடும்பத்துக்கு, அதுவும் 70 வயதுக்காரரோடு, ஒரு நாடு போதும் என்பது என் கருத்து.

வண்டிதான் பகல் முழுக்க உங்கள் வீடு. நீட்டிக்கப்பட்ட லேண்ட் க்ரூசர், கூரை மேலே எழும்பும் வகை, ஆறு அல்லது ஏழு இருக்கை, எல்லா இருக்கையும் ஜன்னலோரம். ஆறு பேருக்கு ஒரு வண்டி போதும். ஏழாவது இருக்கை பைகளுக்கும் சாப்பாட்டுக்கும் உதவும். மினிவேன் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கோரோங்கோரோ பள்ளத்தில் நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி மட்டுமே இறங்கலாம். இரண்டு ஸ்டெப்னி, ரேடியோ, ஆளுக்கு ஒரு பைனாகுலர், இவை கேட்காமலே இருக்க வேண்டியவை. பலர் கேட்க மறப்பது சீட் பெல்ட். சில பழைய வண்டிகளில் இடுப்போடு மட்டும் மாட்டும் பெல்ட்தான் இருக்கும். சில பின் இருக்கைகளில் அதுவும் வேலை செய்யாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு பூஸ்டர் இருக்கை வைக்க தோளிலும் குறுக்கே வரும் பெல்ட் தேவை. உங்களுக்குத் தரப்போகும் வண்டியின் உட்புறப் படம், பெல்ட் தெரியும்படி, வாட்ஸ்அப்பில் கேளுங்கள். சொந்த வண்டி வைத்திருப்பவர் அன்றைக்கே எடுத்து அனுப்புவார். சீசனில் வெளியே வாடகைக்கு எடுப்பவர் இணையத்திலிருந்து ஒரு படத்தை அனுப்புவார். அதையும் கண்டுபிடிப்பது சுலபம், கம்பெனிப் பெயரும் நம்பர் பிளேட்டும் படத்தில் இருக்காது.

வண்டியைவிட முக்கியம் அதை ஓட்டுபவர். தான்சானியாவில் ஓட்டுநரும் வழிகாட்டியும் பெரும்பாலும் ஒருவரே. பயணம் முழுக்க அவரோடுதான். சிங்கம் தூங்குகிறது என்று அடுத்த இடத்துக்கு ஓடுபவரும் இருக்கிறார், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, வரிக்குதிரைகள் எங்கே பார்த்து நிற்கின்றன என்று கவனித்து இருபது நிமிடம் இன்ஜினை அணைத்துக் காத்திருப்பவரும் இருக்கிறார். பிள்ளைகளுக்குச் சாணி வண்டைக் காட்டி அரை மணி நேரம் பேசத் தெரிந்தவர் கிடைத்தால் யானை தெரியாத நேரமும் போரடிக்காது. எனவே, "குடும்பங்களோடு போய்ப் பழகிய ஒருவரைக் கொடுங்கள், அவர் பெயரை முன்கூட்டியே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். விமரிசனங்களைப் படிக்கும்போதும் நட்சத்திரத்தை விடுங்கள், ஓட்டுநர் பெயரைத் தேடுங்கள். ஒரே பெயர் இரண்டு மூன்று வருடமாகத் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கம்பெனியில் ஆட்கள் நிலைக்கிறார்கள், சம்பளம் ஒழுங்காகப் போகிறது என்று ஊகிக்கலாம். வண்டி பழுதான கதைகளையும் தேடிப் படியுங்கள். அந்தச் சாலையில் எந்த வண்டியும் பழுதாகும். எத்தனை மணி நேரத்தில் மாற்று வண்டி வந்தது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

வழித்தடத்தில் இடங்களை எண்ணாதீர்கள், மணி நேரத்தை எண்ணுங்கள். அருஷாவிலிருந்து தரங்கிரே சுமார் இரண்டு மணி நேரம். அருஷாவிலிருந்து செரெங்கெட்டியின் நடுவே உள்ள செரோனெரா ஏழு எட்டு மணி நேரம். கோரோங்கோரோ வாயிலைத் தாண்டியதும் தார் இல்லை, அலை அலையாக வரி விழுந்த மண் சாலை. முதுகு வலி உள்ளவருக்கு அது ஒரு நாள் தாங்கும், அடுத்தடுத்த நாள் தாங்காது. அதனால் ஐந்து நாளில் ஐந்து பூங்கா என்று தருபவரை விட்டுவிடுங்கள். எந்த இடத்திலும் குறைந்தது இரண்டு இரவு என்று கேளுங்கள். பட்ஜெட் இடம் கொடுத்தால் போகும்போது சாலை, திரும்பும்போது செரோனெரா ஓடுதளத்திலிருந்து சின்ன விமானம். அப்படியானால் எரிமலைப் பள்ளத்தைப் போகும் வழியிலேயே முடித்துவிட வேண்டும். அந்த விமானங்களில் கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் சக்கரமில்லாத துணிப்பையில். இதைக் கம்பெனி முன்பே சொல்ல வேண்டும். ஓடுதளத்தில் போய் நின்ற பிறகு தெரிந்தால் பெட்டியை வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியதுதான். செரெங்கெட்டியில் நேரக் கணக்கு இன்னொன்று உண்டு. அனுமதிச் சீட்டு நுழைந்த நிமிடத்திலிருந்து 24 மணி நேரம். பகல் 2 மணிக்கு நாபி வாயிலில் நுழைந்தால் இரண்டு நாள் கழித்து அதே 2 மணிக்குள் வெளியே வர வேண்டும், தாமதமானால் இன்னொரு நாள் கட்டணம். கடைசி நாள் ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விரட்டுவது இதனால்தான். நல்ல கம்பெனி நுழையும் நேரத்தையே மதியத்துக்குப் பிறகு வைத்துக் கடைசிக் காலை உலாவைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில், அவர்கள் வயதைச் சொன்னவுடன் கம்பெனி திருப்பி என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். சில கேம்ப்களில் ஆறு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, சில இடங்களில் வரம்பு இன்னும் அதிகம். நடைப்பயணத்துக்கும் பலூனுக்கும் தனி வரம்பு உண்டு. காட்டுக்குள் உள்ள பெரும்பாலான கூடார கேம்ப்களுக்கு வேலி கிடையாது. இருட்டிய பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகவும் வரவும் காவலாளி கூட வர வேண்டும். பிள்ளைகள் தனிக் கூடாரம், நீங்கள் தனிக் கூடாரம் என்றால் ராத்திரி ஒரு மணிக்குக் குழந்தை அழுதாலும் நீங்கள் வெளியே வரக்கூடாது. எனவே நால்வரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் குடும்பக் கூடாரம் என்று எழுத்தில் வேண்டும். "பக்கத்துப் பக்கத்துக் கூடாரம்" போதாது. தாத்தா பாட்டிக்கு அலுவலகக் கட்டடத்துக்கு அருகில், படி குறைந்த கூடாரம். சைவச் சாப்பாடு பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் குஜராத்திக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருப்பதால் லாட்ஜ் சமையல்காரர்களுக்குப் பருப்பும் சப்பாத்தியும் புதிதல்ல. சிக்கல் வருவது மதியப் பொட்டலத்தில்தான். முட்டை உண்டா இல்லையா என்பது உட்பட எழுதிக் கொடுத்து, அது ஒவ்வொரு லாட்ஜுக்கும் போனதா என்று உறுதி செய்யுங்கள்.

இப்போது காலம். உங்கள் மூன்று கம்பெனிகளையும் சோதிக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. நம் கோடை விடுமுறை அங்கே நீண்ட மழைக்காலம். மார்ச் கடைசியிலிருந்து மே வரை மழை, கருப்பு மண்ணில் வண்டி புதையும், சில கேம்ப்கள் மூடியிருக்கும், விலையும் அதனால்தான் குறைவு. பசுமையாக இருக்கும், கூட்டம் இருக்காது, ஆனால் புல் உயரமாக நிற்பதால் விலங்கைத் தேடுவது கடினம். இதைக் கேட்காமலே சொன்ன கம்பெனி எது? வேறு தேதி உண்டா என்று கேட்டது எது? அந்தக் கம்பெனிக்கு நான் பாதி மதிப்பெண் கொடுத்துவிடுவேன். தேதியை நகர்த்த முடியாதென்றால் மே கடைசி வாரம் ஏப்ரலைவிட எவ்வளவோ மேல். காலாண்டுத் தேர்வு விடுமுறை ஒட்டி வரும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் உலர்ந்த காலம், விலங்கு பார்க்க அருமை. ஆனால் அப்போது காட்டுமாட்டு (வைல்ட்பீஸ்ட்) மந்தைகள் வடக்கே மாரா ஆற்றுப் பக்கம் இருக்கும், அங்கே போக இன்னும் ஒரு முழு நாள் சாலை. ஜனவரி கடைசி, பிப்ரவரி என்றால் தெற்கே ண்டுட்டு சமவெளியில் காட்டுமாடுகள் கன்று போடும் நேரம்.

உடல்நலத்தில் இரண்டைச் சொல்கிறேன், முடிவு உங்கள் டாக்டருடையது. செரெங்கெட்டி, தரங்கிரே பகுதிகளில் மலேரியா உண்டு. தடுப்பு மருந்து பிள்ளைகளுக்கு எடையைப் பொறுத்து அளவு மாறும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிதான் பலர் கோட்டை விடும் இடம். தான்சானியாவுக்கு மட்டும் போனாலும் விமானம் நைரோபி வழியாகவோ அடிஸ் அபாபா வழியாகவோ போனால் தான்சானியாவில் இறங்கும்போதும், திரும்பி வரும்போது இந்தியாவிலும் சான்றிதழ் கேட்க வாய்ப்பு உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் அபூர்வமான, ஆனால் கடுமையான பக்கவிளைவு அபாயம் கூடுதல். அப்பா அம்மாவுக்கு டாக்டர் வேண்டாம் என்றால் விமான வழியை அதற்கேற்ப மாற்ற வேண்டும். டிக்கெட் போட்ட பிறகு இது தெரிந்தால் பணம் போகும். காப்பீட்டில் காட்டிலிருந்து விமானத்தில் தூக்கிக்கொண்டு வரும் செலவு இருக்கிறதா, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கும் அது பொருந்துமா என்று பாருங்கள். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து இயங்கும் ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவையில் சில கம்பெனிகள் உங்களைச் சேர்த்துவிடும். அது ஆஸ்பத்திரி வரை கொண்டுபோவதற்கு மட்டும், சிகிச்சைச் செலவுக்கு உங்கள் காப்பீடுதான்.

எந்தக் கம்பெனியாலும் உறுதி தர முடியாதவை சில உண்டு. ஆற்றைக் கடக்கும் மந்தையை இந்தத் தேதியில் காட்டுவேன் என்று எவரும் சொல்ல முடியாது, சொன்னால் நம்ப வேண்டாம். காண்டாமிருகம் பள்ளத்தில் இருக்கிறது, ஆனால் தூரத்தில் சாம்பல் புள்ளியாகத் தெரிவதுதான் வழக்கம். சிறுத்தை அதிர்ஷ்டம். யானை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, நீர்யானை ஆகியவை இந்த வழித்தடத்தில் கிட்டத்தட்ட உறுதி. பிள்ளைகளிடம் இவற்றை மட்டும் சொல்லி வையுங்கள்.

கடைசியாகப் பணம். முன்பணம் 20 முதல் 30 சதவீதம், மீதி பயணத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பு என்பதுதான் இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். முழுப் பணத்தையும் இப்போதே கேட்டால் காரணம் கேளுங்கள். ரத்து செய்தால் எத்தனை நாள் முன்பு எவ்வளவு திரும்பும் என்ற அட்டவணை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அரசுக் கட்டணம் நடுவில் உயர்ந்தால் யார் கட்டுவது என்பதும். சென்னைக் கம்பெனி என்றால் ஜிஎஸ்டியும் டிசிஎஸ்ஸும் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) சேர்த்துச் சொன்ன விலையா என்று கேளுங்கள். டிசிஎஸ்ஸை வருமான வரிக் கணக்கில் பிறகு ஈடு செய்துகொள்ளலாம் என்றாலும் அன்றைக்குக் கையிலிருந்து போவது போவதுதான். ஓட்டுநருக்கான டிப்ஸ் எந்த விலையிலும் சேராது, வண்டிக்கு நாளுக்கு 20, 25 டாலர் என்று தனியாக எடுத்து வையுங்கள். அருஷாவுக்கு நேரடியாக அனுப்புவதானால் மின்னஞ்சலில் வந்த கணக்கு எண்ணை அப்படியே நம்பி அனுப்பாதீர்கள். நடுவில் புகுந்து கணக்கு எண்ணை மாற்றி அனுப்பும் மோசடி இந்தத் தொழிலில் பழசு. உரிமத்தில் உள்ள தொலைபேசி எண்ணை நீங்களே அழைத்து, கணக்கின் கடைசி நான்கு இலக்கத்தை அவர்கள் வாயால் சொல்லவைத்துச் சரிபாருங்கள். வங்கிப் படிவத்தில் "எல்லா வங்கிக் கட்டணமும் அனுப்புபவருடையது" என்ற பெட்டியில் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் இடையில் உள்ள வங்கி கொஞ்சம் டாலரைப் பிடித்துக்கொள்ளும், தொகை குறைகிறது என்று உங்கள் முன்பதிவு உறுதியாகாமல் நிற்கும்.